அறுபத்தொன்பதிலிருந்து எழுபத்தைந்துக்கு

குத்துச்சண்டையில் மேல் எடைப்பிரிவுக்கு ஏறுவது சிலருக்கு ஆசை, சிலருக்குக் கட்டாயம். அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றவர். பாரிஸ் 2024 பட்டியலில் அந்தப் பிரிவே இல்லை. இருந்தவை 66, அதைவிட்டால் 75. எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தால் வலுவும் கூடவே போய்விடும். அவர் ஏறினார். மேலே எதிராளியின் குத்து கனக்கும். கூடிய எடையைச் சுமந்துகொண்டு கால்கள் பழைய வேகத்திலேயே நகர வேண்டும். நல்லவேளை, லவ்லினா நெடிய உருவம், நீண்ட கைகள்; தள்ளி நின்றே குத்தலாம். 2023-இல் புதுடெல்லியில் 75 கிலோ உலகப் பட்டம் வென்றார். ஆனால் சீனாவின் லி சியான் ரியோவிலும் டோக்கியோவிலும் இதே பிரிவில் பதக்கம் பெற்றவர். ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியிலும் பாரிஸ் காலிறுதியிலும் லவ்லினா அவரிடமே தோற்றார்.