உதவித் தொகையும் ஊனமுற்றோர் அச்சமும்

மும்பை மாநகரில் வாழும் தமிழர் பல வகையினர். மாதுங்காவில் அலுவலகப் பணியை நம்பி வந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. செம்பூரில் தொழிற்சாலை வேலைக்கென வந்து வேரூன்றியவர்கள் உண்டு. தாராவியில் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தோல் தொழிலிலும் பிற தொழில்களிலும் உழைத்து நிலைத்தவர்கள் உண்டு. இம்மூன்று இடங்களிலும் நம்மோடு வாழ்ந்தும் நம் கண்ணில் படாமல் வாழும் ஒரு சாரார் இருக்கின்றனர். அவர்களை அங்கஹீனர் என்று ஒரு காலத்தில் சொன்னோம். பின்பு ஊனமுற்றோர் என்றோம். இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். மகாராஷ்டிர அரசாங்கம் 'திவ்யாங்' என்கிறது. பெயர் நயமாகிக்கொண்டே வந்திருக்கிறது. வாழ்வு அந்த அளவுக்கு நயமாகவில்லை.

சென்ற ஓராண்டாக விடுமுறை நாள்களில் தாராவியிலும் செம்பூரிலும் சிலருக்கு விண்ணப்பத் தாள்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அங்கே என்னிடம் முதலில் கேட்கப்படுவது, "எவ்வளவு கிடைக்கும்?" என்ற கேள்வியன்று. "நிப்பாட்டிருவாங்களா, தம்பி?" என்பதே. இவ்வச்சத்துக்குக் காரணம் உண்டா, உண்டெனில் அது யாது என்பதை நம் மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிடைப்பது எவ்வளவு?

முதலில் தொகையைப் பார்ப்போம். மத்திய அரசாங்கம் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தை 2009இல் தொடங்கியது. அப்போது மாதம் ரூ. 200. 2012இல் அது ரூ. 300 ஆயிற்று. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவராகவும், 80 விழுக்காடு ஊனம் உடையவராகவும் இருந்தால்தான் அதுவும் கிடைக்கும்.

மகாராஷ்டிர அரசாங்கம் 1980இல் தொடங்கியது சஞ்சய் காந்தி நிராதார் அனுதான் யோஜனா. 'நிராதார்' என்றால் ஆதரவு அற்றவர் என்று பொருள். ஊனமுற்றோரும், கைம்பெண்களும், தீராப் பிணியாளரும், அனாதைக் குழந்தைகளும் இதன்கீழ் வருவர். ஊனம் 40 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். இம்மாநிலத்தில் 15 ஆண்டுகளாவது வசித்திருத்தல் வேண்டும். நெடுங்காலம் ரூ. 600ஆக இருந்த இத்தொகை 2019இல் ரூ. 1,000 ஆகவும், 2023இல் ரூ. 1,500 ஆகவும் உயர்ந்தது. 2025 ஜூன் மாதத்தில் முன்னாள் அமைச்சர் பச்சு கடு அமராவதி மாவட்டத்தில் உண்ணாநோன்பு இருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் ரூ. 6,000 வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஊனமுற்றோருக்கு மட்டும் தொகையை ரூ. 2,500 ஆக உயர்த்த முடிவு செய்தது.

தொகையை உயர்த்தியிருக்கும்போது குறைப்பைப் பற்றி அஞ்சுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஓர் உதவியைக் குறைப்பதற்கு அதன் தொகையைக் குறைத்தாக வேண்டும் என்பதில்லை. வேறு வழிகள் பல உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சத்தமில்லாத குறைப்புகள்

முதல் வழி, உயர்த்தாமல் விட்டுவிடுவது. 2012இல் முந்நூறு ரூபாயாக இருந்த மத்திய ஓய்வூதியம் பின்னர் உயர்த்தப்படவே இல்லை. அன்று முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய அரிசியும் எண்ணெயும் இன்று அத்தொகைக்குக் கிடைக்குமா? யாரும் கையொப்பமிட்டு இதனைக் குறைக்கவில்லை. விலைவாசி குறைத்துவிட்டது.

இரண்டாவது வழி, வருமான வரம்பு. நிராதார் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ. 21,000க்கு மேற்படலாகாது, ஊனமுற்றோருக்கு மட்டும் ரூ. 50,000 வரை சலுகை. ஐம்பதினாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், மாதம் ரூ. 4,166 வரும். நாளொன்றுக்கு ரூ. 137. இந்நகரில் ஒரு வீட்டில் ஒருவர் வேலைக்குப் போனாலே வரம்பு கடந்துவிடும்.

தாராவியில் தோற்பை தைக்கும் அண்ணாச்சி ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளைப் பருவத்தில் போலியோ கண்டு ஒரு கால் சூம்பிப் போனவர். உடம்பு இடம் கொடுத்த நாளில் தைப்பார்; மற்ற நாளில் படுத்திருப்பார். அவர் மகனுக்கு ஒரு கடையில் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு வேலை கிடைத்தது. அதை என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளியில சொல்லிராதீங்க தம்பி. தெரிஞ்சா பென்ஷன் போயிரும்" என்றார். மகனுக்கு வேலை கிடைத்ததைத் தெருவெல்லாம் சொல்லி மகிழ வேண்டியவர் அவர். அவரை அப்படி ஒளிக்க வைத்தது எது? மனிதர் வாழ முடியாத அளவுக்கு வரம்பைத் தாழ்த்தி வைத்துவிட்டால், வாழ்கிறவர் எல்லாரும் விதியை மீறியவராகவே இருப்பர். பிறகு எந்த நாளில் சோதித்தாலும் எவரையும் நீக்கிவிடலாம்.

மூன்றாவது வழி, சான்றிதழ். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 ஆக்கியது. தலசீமியா, அரிவாளணு நோய், பார்க்கின்சன் நோய், அமில வீச்சினால் ஏற்பட்ட சிதைவு முதலியனவும் அதில் அடங்கும். இது பெரும் முன்னேற்றம். ஆனால் கதவை அகலமாகத் திறந்தவர்கள் வாயிற்படியை உயர்த்தவும் செய்தார்கள். 2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டன. சான்று வழங்க முன்பு ஒரு மாதமாக இருந்த கெடு மூன்று மாதமாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவு பெறாத விண்ணப்பம் செல்லாததாகிவிடும். விண்ணப்பம் வசிப்பிடச் சான்றில் கண்ட மாவட்டத்தைச் சார்ந்தே அமைகிறது.

இக்கடைசி விதி நம்மவரை எவ்வாறு தொடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தாராவியும் மாதுங்காவும் மும்பை நகர மாவட்டம். செம்பூர் புறநகர் மாவட்டம். ஊரிலே ரேஷன் அட்டை, தாராவியிலே வாடகை அறை, பிறகு செம்பூருக்குக் குடிபெயர்வு என்று வாழ்கிற ஏழைத் தமிழன் எந்த மாவட்டத்தான்? முகவரிச் சான்று ஒன்று சொல்லும். வாழ்வு வேறொன்று சொல்லும்.

நான்காவது வழி, ஓர் உதவியைக் காட்டி மற்றோர் உதவியை மறுப்பது. 2024இல் இம்மாநிலம் பெண்களுக்கு மாதம் ரூ. 1,500 வழங்கும் 'லாட்கி பஹீண்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் தகுதியற்றவர் என்று ஐந்து இலட்சம் பெண்கள் அதிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் 2,30,000 பேர் சஞ்சய் காந்தி நிராதார் உதவியைப் பெற்று வந்தவர்கள். ஒருவருக்கு இரண்டு உதவி கூடாது என்பது விதி. விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஏழு மாதங்களுக்கு முன் தேர்தல் நேரத்தில் கொடுத்த கைதானே தேர்தல் முடிந்தபின் பட்டியலை எடுத்துப் பார்த்தது? இன்று அந்தப் பட்டியல் என்றால் நாளை எந்தப் பட்டியல் என்ற அச்சம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

கடல் கடந்த எடுத்துக்காட்டு

இவ்வச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் ஊனமுற்றோர்க்கு அன்றாட வாழ்வுச் செலவுக்கென ஓர் உதவித் தொகை உண்டு. சமைத்தல், உண்ணல், குளித்தல், உடுத்தல் போன்ற செயல்களில் ஒருவர் எவ்வளவு இடர்ப்படுகிறார் என்று மதிப்பெண் இடுவார்கள். எல்லாம் சேர்த்து எட்டு மதிப்பெண் வந்தால் உதவி கிடைக்கும். 2025 மார்ச்சில் அரசாங்கம் புதிய யோசனை ஒன்றை வெளியிட்டது. ஏதேனும் ஒரு செயலிலாவது நான்கு மதிப்பெண் இருந்தால்தான் உதவி என்பது அது. அதன்படி, நான்கு செயல்களில் இரண்டிரண்டு மதிப்பெண் பெற்றவர் எட்டு இருந்தும் உதவியை இழப்பார். ஊனமுற்றோர் கொதித்தெழுந்தனர், ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்தனர். ஜூலை 1ஆம் நாள் அரசாங்கம் அப்பகுதியை மசோதாவிலிருந்து விலக்கிக்கொண்டது. ஆயினும் வேலை செய்ய இயலாதவர்க்கான வேறொரு கூடுதல் தொகையை, 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருவோரில் பெரும்பாலோர்க்கு ஏறக்குறையப் பாதியாக்கும் விதி நிறைவேறிவிட்டது.

அங்கே குறைப்பு பாராளுமன்றத்தின் முன் வந்தது. வந்ததால் அதனைக் காண முடிந்தது; கண்டதால் எதிர்க்க முடிந்தது; ஒரு பாதியையேனும் தடுக்க முடிந்தது. இங்கே நான் மேலே சொன்ன நான்கு வழிகளில் எதற்கும் எவரும் வாக்களிப்பதில்லை. கோப்பு ஒன்று மூடப்படுகிறது. கைப்பேசிக்கு வர வேண்டிய வங்கிச் செய்தி ஒரு மாதம் வராமல் போகிறது. யாரை எதிர்த்துப் போராடுவது? நம் மக்களின் அச்சம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

போலிகள் இல்லையா?

உண்டு. 2024இல் புனேயில் பயிற்சியிலிருந்த ஆட்சிப்பணி அதிகாரி ஒருவர்மீது பொய்யான ஊனச் சான்று காட்டியதாகவும் புகார் எழுந்தது. தேர்வாணையம் அவருடைய தேர்வை ரத்து செய்தது. பொதுப்பணத்தைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் சோதனையின் சுமை யார் தலையில் விழுகிறது? வசதியும் செல்வாக்கும் உடையவன் எந்தச் சோதனையையும் கடந்துவிடுவான். தொழுநோயால் விரல் தேய்ந்தவரின் ரேகை கருவியில் பதியாது. அமில வீச்சில் இமை சிதைந்தவரால் கருவியின் முன் கண் சிமிட்டிக் காட்ட முடியாது. இத்தகைய ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மின்னணு வசதியை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

சட்டமும் நம் பக்கம் ஒரு பாதி நிற்கிறது. ஊனமுற்றோர்க்கான உதவி, பிறர்க்கான அதே வகை உதவியைவிட 25 விழுக்காடாவது கூடுதலாக இருத்தல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. அப்பிரிவின் தொடக்கத்திலேயே 'அரசின் பொருளாதார வலிமையின் எல்லைக்குள்' என்றொரு தொடரும் இருக்கிறது. உரிமையைச் சலுகையாக மாற்றும் வலிமை அந்த ஒரு தொடருக்கு உண்டு. 2023இல் கைம்பெண்ணுக்கும் ஊனமுற்றவருக்கும் இம்மாநிலத்தில் ஒரே ரூ. 1,500தான் கிடைத்தது. 25 விழுக்காடு சேர்த்திருந்தால் ரூ. 1,875 கிடைத்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, சட்டத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. ஆனால் விண்ணப்பத் தாள் மராத்தியில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத தமிழர் பலர். நம்மில் மராத்தி கற்றவர் இல்லையா? உதவி பெறுவோர் ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதற்கான சான்றைக் காட்ட வேண்டும். அதை மறந்தவர்க்குத் தொகை நின்றுபோகிறது. நாளை நினைவூட்ட நம்மால் முடியாதா? எந்தத் தாளை அலுவலகத்தில் கொடுத்தாலும் அதன் படியில் நாளும் முத்திரையும் பெற்று வைக்கச் சொல்ல வேண்டும். தொகை நின்றால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நமக்கு இருக்கிறது. சான்றிதழை மறுத்தால் மேல்முறையீடு செய்ய 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம்.

நம் மன்றத்தில் ஞாயிறுதோறும் இருவர் தாராவிக்கும் இருவர் செம்பூருக்கும் செல்வதென முடிவு செய்தால், ஓராண்டில் நூறு குடும்பங்களின் தாள்களையேனும் ஒழுங்குபடுத்திவிடலாம். வருகிற செயற்குழுவில் இதனை முன்மொழிய இருக்கிறேன். மராத்தி படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் பெயர் கொடுங்கள்.