கம்ப்யூட்டருக்கு கணக்கு சொல்லிக் கொடுத்த ஆறு பெண்கள்!

குட்டீஸ்... 'கம்ப்யூட்டர்' என்பது ஒரு காலத்தில் மனிதர்கள் பார்த்த வேலையின் பெயர் என்றால் நம்புவீர்களா?

இரண்டாம் உலகப் போர் சமயம். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று அமெரிக்க ராணுவம் முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருந்தது. ஒரே ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட, ஒருவருக்கு ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். கணக்கில் கெட்டிக்காரப் பெண்கள் பலர் இதைச் செய்தனர். அவர்களைத்தான், 'கம்ப்யூட்டர்' என்று அழைத்தனர்!

இந்த வேலையை விரைவாக முடிக்க, பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், 1943ல் ஓர் இயந்திரம் உருவாகத் தொடங்கியது. ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் இருவரும் அதை வடிவமைத்தனர். பெயர், எனியாக். எடை, 30 டன். ஆறேழு பெரிய யானைகளின் எடை! உள்ளே ஏறக்குறைய 18 ஆயிரம் வால்வுகள். பழைய ரேடியோவில் பல்பு போல் மினுக்குமே, அதே கண்ணாடிக் குழாய்கள்தான். நொடிக்கு 5,000 கூட்டல்கள் போட்டது எனியாக். ஒரே வகைக் கணக்கு மட்டுமல்ல, பலவகைக் கணக்குகளையும் போடும்.

ஆனால், அதற்குச் சொல்லிக் கொடுப்பது யார்?

கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காப், பிரான்சஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள், 1945ல் தேர்வாயினர். கீபோர்டு, திரை எதுவும் கிடையாது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒயர்களை மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். கையேடும் இல்லை. ராணுவ ரகசியம் என்பதால், முதலில் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவே அனுமதி இல்லை! வரைபடங்களைப் பரப்பி வைத்து, பொறியாளர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றுக் கொண்டனர்.

1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்ட ஏற்பாடானது. ஜென்னிங்சும், ஸ்னைடரும் கணக்கைத் தயார் செய்தனர். ஆனால், முதல் நாள் இரவு வரை ஒரு தவறு! குண்டு தரையைத் தொட்ட பிறகும், கணக்கு நிற்காமல் பூமிக்குள் போய்க் கொண்டே இருந்தது. யோசித்தபடியே தூங்கினார் ஸ்னைடர். காலையில் வந்தவர், நேராகப் போய் ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார். சரியாகிவிட்டது!

பறந்து விழ 30 வினாடி எடுக்கும் குண்டின் பாதையை, 20 வினாடியில் கணக்கிட்டது எனியாக். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால், அந்தப் பெண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அன்று இரவு விருந்துக்கும் அவர்களுக்கு அழைப்பு இல்லை.

எனியாக் 1955ல் நிறுத்தப்பட்டது. 1980களில், கேத்தி கிளைமன் என்ற கல்லூரி மாணவி, பழைய புகைப்படங்களில் இயந்திரத்தின் அருகே நின்ற பெண்களைப் பார்த்தார். 'யார் இவர்கள்?' என்று கேட்டார். 'படத்துக்கு அழகாக நிற்க வைத்த மாடல்கள்' என்று பதில் கிடைத்தது. அவர் விடவில்லை. தேடிக் கண்டுபிடித்தார். 1997ல் ஆறு பேருக்கும் உரிய கவுரவம் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து!

ஒரு மாணவியின் கேள்விதான் அவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. நீங்களும் கேளுங்கள், சுட்டிகளே!