பேய்க்குப் பயந்தவர்கள் சிரிப்பதேன்?

பேய்ப் படத்துக்குப் போகிறவர்கள் பயப்படுவதற்காகத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பது பொதுவான அபிப்பிராயம். கோவை ஜில்லாவில் ஏதாவதொரு கொட்டகையில், ராத்திரி ஆட்டத்தின்போது, திரைக்கு முதுகைக் காட்டி நின்று ஜனங்களின் முகங்களைப் பாருங்கள். விஷயம் வேறு என்பது புரியும். கண்ணைப் பொத்திக் கொண்டவர் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பார். வீல் என்று அலறியவர் மறுகணமே பக்கத்து ஸீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பார். முன்பின் தெரியாத இருவர் இப்படிச் சிரித்துக் கொள்ளும் இடம், கல்யாண வீட்டை விட்டால், பேய்ப் படக் கொட்டகைதான்!

இந்த ரகசியத்தை 1964-லேயே கண்டுபிடித்தவர் டைரக்டர் ஸ்ரீதர். அவருடைய 'காதலிக்க நேரமில்லை' பொள்ளாச்சிப் பக்கத்து மக்களுக்குச் சொந்தப் படம் மாதிரி. நம் ஆழியாற்றில் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அந்தப் படத்தில் நாகேஷ், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' முதலாளி. கையில் காலணா கிடையாது. படம் எடுக்கத் தகப்பனார் பாலையாவிடம் பணம் கேட்டு நிற்கிறார். அவருக்கு ஒரு திகில் கதை சொல்கிறார். பேயின் உருவம் ஒரு தடவைகூடத் திரையில் வருவதில்லை. வேண்டிய சத்தங்களையெல்லாம் நாகேஷே வாயால் எழுப்பிக் கொள்கிறார். பாலையாவோ கண் பிதுங்க, முகம் வெளிற, நடுங்கிப் போகிறார். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையான ஏற்பாடு இது. நாகேஷ் சொல்லும் படம் எடுக்கப்படவே இல்லை. எடுக்கப்படாத அந்தப் படத்தின் ஒரே ரஸிகர் பாலையா. நாம் அந்த ரஸிகரைப் பார்க்கும் ரஸிகர்கள்! நமக்காகப் பயப்பட ஒருவர் கிடைத்துவிட்டார், நாம் சிரிக்கலாம்.

இதே தந்திரம்தான் ராகவா லாரன்ஸின் 'முனி'யிலும் (2007), 'காஞ்சனா'விலும் (2011). கதாநாயகன் என்றால் பத்துப் பேரை அடிப்பவன் என்று பழகியிருந்த நமக்கு, ராத்திரியில் தனியாகக் கழிப்பறைக்குப் போகப் பயந்து அம்மாவைத் துணைக்கு எழுப்பும் ஆசாமியைக் கதாநாயகனாகக் காட்டினார். அந்த அம்மா நம்மூர் கோவை சரளா. 'சதி லீலாவதி'யில் (1995) கமலஹாசனுடன் சேர்ந்து கொங்குத் தமிழை நாடெங்கும் கேட்க வைத்தவர். அவர் பயப்படுவதைப் பார்த்தால், சந்துக் கோடியில் கருப்பைப் பார்த்துவிட்டேன் என்று விழுந்தடித்து ஓடிவரும் நம் அத்தையோ பெரியம்மாவோ நினைவுக்கு வந்துவிடுவார். அவர் பேயைத் திட்டுவதிலும் ஒரு வீட்டு உரிமை இருக்கும்.

'காஞ்சனா' வந்த நாட்களில் கோவையில் நான் பார்த்த ஆட்டத்தில், "கண்ணை மூடிக்கோ சாமி" என்று பேரன் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிய ஒரு ஆத்தா, தாம் மட்டும் இமை கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்தார். பையன், "ஆத்தா, அப்புறம் என்னாச்சுங்?" என்று தலைப்புக்குள்ளிருந்தே கதை கேட்டுக் கொண்டிருந்தான்.

அமெரிக்காவிலும் 2023-ல் ஒரு பயங்கோளியின் கதை வந்தது. ஆரி ஆஸ்டர் எடுத்த 'போ இஸ் அஃப்ரெய்ட்'. ஏறக்குறைய மூன்று மணி நேரம், கெட்ட கனவு போல நீளும் படம். வாக்கின் ஃபீனிக்ஸ் நடித்த போ என்பவன் எதற்கெடுத்தாலும் நடுங்குகிறான். தாயாரைப் பார்க்கக் கிளம்பியவனுக்கு வழியெல்லாம் விபரீதம். சிலர் சிரித்தார்கள், சிலர் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபித்துக் கொண்டார்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அங்கே பயத்தின் ஊற்றே தாய்தான். ஓடி ஒளிய மடி இல்லை. நம் படத்தில் அம்மா தானும் பயந்து கொண்டே மகனைக் கட்டிக் கொள்கிறாள். மடி இருக்கிறவரையில் பயம் தமாஷ்தான்.

ஆனால் 'காஞ்சனா'வின் பிற்பகுதி அப்படிப்பட்டதல்ல. அதுவரை வீட்டைக் கலக்கிய ஆவி யாருடையது? பெற்றோரால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு திருநங்கையுடையது. தன்னைப் போலவே தள்ளப்பட்ட இன்னொரு பிள்ளையை மகளாக வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைத்தவள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்டவள். அந்த வேஷத்தில் சரத்குமார். தமிழ்ப் படங்களில் திருநங்கை தலையைக் காட்டினாலே சிரிக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஜனங்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். 'காஞ்சனா'வும் பரம சுத்தமல்ல. ஆண் உடம்பில் பெண் நளினம் ஏறுவதை முதலில் வேடிக்கையாகத்தான் காட்டுகிறது. நான் பார்த்த ஆட்டத்தில் முன்வரிசையில் விசில் பறந்தது.

வீட்டை விட்டுத் துரத்தும் காட்சியில் அந்த விசில் நின்றது. அம்மா மடியில் முகம் புதைத்த பிள்ளைக்காக ஒரு மணி நேரம் சிரித்த கூட்டம், மடியே இல்லாமல் போன பிள்ளையைப் பார்த்து மௌனமானது.

ஆட்டம் விட்டு வெளியே வந்தவர்கள் கோவை சரளா மாதிரி அலறிக் காட்டிக் கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். காஞ்சனாவின் நடையை மட்டும் யாரும் நடந்து காட்டவில்லை.