வீட்டுத் தோட்டத்தில் ஆப்ரிகாட் மரம்

கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லைக்கு நம்மை அழைத்துச் சென்று, ஆளுயரம் வளர்ந்திருந்த ஒரு மரத்தைக் காட்டினார். கிளைகளின் நுனியில் மாத்திரம் இலைகள் கொத்தாக இருந்தன. நடுப்பகுதி மொட்டையாகக் கிடந்தது. "நட்டு நாலு வருஷம் ஆகிறது ஐயா. ஒரு பூக்கூட வரவில்லை. தண்ணீர் விட்டதில் குறையா, எரு போதவில்லையா?" என்று வினவினார்.

அது ஆப்ரிகாட் மரம். அதன் கனியைச் சர்க்கரை பாதாமி என்றும், வடநாட்டில் குபானி என்றும் வழங்குவர். வீட்டுத் தோட்ட அபிவிருத்திக்கெனச் சங்கம் மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்கு அளித்த ஒட்டுக் கன்றுகளில் அதுவும் ஒன்று. "கொடைக்கானலில் பிளம்ஸும் பேரியும் விளையவில்லையா? இதுவும் விளையும்" என்று கன்று விற்றவர் கூறியதை நிர்வாகக் குழு நம்பியது. தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிட்டு, ஆட்சேபணை ஏதும் எழுதாமல் கையொப்பமிட்டவர் நாமே. ஆகவே அவ்வினாவுக்கு விடை கூறும் கடமையும் நம்மைச் சேர்ந்ததாயிற்று.

மரம் வேண்டுவது குளிர்

குறை தண்ணீரிலும் இல்லை, எருவிலும் இல்லை. ஆப்ரிகாட், இலையுதிர்க்கும் மரம். கோடையில் அடுத்த ஆண்டின் பூமொட்டுகளை உருவாக்கிக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் உறங்குவது அதன் இயல்பு. ஏறத்தாழ 7 டிகிரி சென்டிகிரேடுக்கு உட்பட்ட குளிர், ரகத்திற்கேற்பச் சுமார் 300 மணி முதல் 900 மணி வரை கிடைத்தால்தான் அவ்வுறக்கம் செவ்வனே கலையும். நமது சமவெளியில் மார்கழி இரவிலும் இத்தகைய குளிர் கிட்டுவதில்லை. குளிர் கிட்டாத மரம் உறங்கியும் உறங்காமலும் தவிக்கிறது, நுனியில் சில இலைகளை விடுகிறது, பூப்பதை மறந்துவிடுகிறது. மலையில் பிளம்ஸ் விளைவது மெய்யே. ஆனால் மலையின் குளிரைக் கன்றோடு சேர்த்து வாங்கிவர இயலாது.

உரிய இடத்தில் அதன் சிறப்பு

இம்மரத்தின் பெருமையை லடாக்கில் காணலாம். சிந்து நதிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த கிராமங்களிலும் கார்கில் பகுதியிலும் வீட்டை ஒட்டிய நிலத்தில் அது வளர்கிறது. அங்கே அதன் பெயர் சுலி. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டரே. பனி உருகி வரும் ஓடையை வாய்க்காலாகத் திருப்பி மரத்துக்குப் பாய்ச்சுகின்றனர். ஏப்ரலில் பூத்து, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கனி முதிர்கிறது. தட்டையான வீட்டுக் கூரைமேல் பழத்தைப் பரப்பினால் வறண்ட காற்றும் வெயிலும் அதை உலர்த்திவிடும். ஐந்தாறு கிலோ பழம் ஏறத்தாழ ஒரு கிலோ வற்றலாகும். கொட்டையை உடைத்துப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுப்பர். ஐதராபாத் விருந்துகளில் பரிமாறப்படும் குபானி கா மீட்டா என்னும் இனிப்பும் இவ்வற்றலால் ஆவதே.

லடாக்கின் ரகங்களுள் ரக்ட்சே கார்போ என்பது வெண்ணிறக் கொட்டையும் தித்திக்கும் பருப்பும் உடையது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு பல மரங்களின் பருப்பு கசக்கும். கசக்கும் பருப்பை உண்ணலாகாது. உடலில் சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் அதில் உண்டு. கொட்டையை நட்டு வளர்த்த மரம் தாய்மரத்தின் குணத்தோடு அமையும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின், நல்ல ரகத்தின் ஒட்டையே நடுதல் வேண்டும்.

நடும் முறை

குளிர்ப் பிரதேசத்தில் உற்றார் உறவினர் உடையோர்க்கு இது பயன்படும். மரம் உறங்கும் காலத்தில், இலை விடுமுன் கன்றை நட வேண்டும். நீர் தேங்காத ஆழமான மண் அவசியம். வேரில் நீர் நின்றால் மரம் பிழைப்பது அரிது. ஒட்டிய இடம் மண்ணுக்குமேல் இருக்கட்டும். மரத்துக்கு மரம் 5, 6 மீட்டர் இடைவெளி விடலாம். பள்ளத்தில் குளிர்ந்த காற்று தங்கிப் பூவைக் கருக்குமாதலின், சரிவான மேட்டு நிலமே உகந்தது. நெருங்கிக் காய்த்தால் பிஞ்சிலேயே சிலவற்றைக் களைந்துவிட, எஞ்சியவை பருக்கும். ஒட்டு மரம் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

நாம் கற்ற பாடம்

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது அந்த அங்கத்தினர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பாவில் பிசகு வந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம் ஐயா, போன நாலு வருஷத்தை எப்படி ஓட்டுவது?" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. கன்றின் விலை அற்பம். இழந்த காலமே பெரிது. அன்றைக்கு ஒரு கொய்யாப் பதியனை நட்டிருந்தால், இன்று அவர் குழந்தைகள் பழம் தின்றுகொண்டிருப்பார்கள்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் நமது தவற்றையும் சேர்த்தே எடுத்துச் சொன்னோம். இனிக் கன்று வாங்கும் தீர்மானம் எதுவாயினும், இரு கேள்விகளுக்கு விடை எழுதிய பின்னரே நிறைவேற்றுவதென முடிவாயிற்று. இதே மரம் நம் வட்டாரத்தில் எங்கேனும் காய்த்து நிற்பதைக் கண்ணால் கண்டோமா? தோட்டக்கலை அலுவலரைக் கேட்டோமா? சங்கங்கள் யாவும் இவ்விரு கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிவைத்தல் நலம். அங்கத்தினர் நம்பித் தருவது பணத்தை மாத்திரம் அன்று, ஆண்டுகளையும் தருகிறார்.