இணையச் சிக்கலுக்கு வழக்கறிஞரை அமர்த்துவது எப்படி?

இணையத்திலும் கைப்பேசியிலும் நடக்கும் தவறுகளை விசாரிக்க இந்தியாவில் ஒரே நீதிமன்றம் என்று எதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு அடித்தளம். அதன்மேல் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தொலைத்தொடர்புச் சட்டங்கள், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகள் எல்லாம் வந்து சேர்கின்றன. அதனால் இத்துறை வழக்கறிஞரின் முதல் வேலை, வழக்கு எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது. வாதாடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தவறான இடத்தில் மனு கொடுத்து, மாதங்கள் கழித்து அது திருப்பப்பட்டால், அதற்குள் நிறுவனங்களின் கணினிப் பதிவுகள் அழிந்துபோயிருக்கலாம், காலக்கெடுவும் முடிந்திருக்கலாம்.

பணம் பறிபோன வழக்குகளில் வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே தகவல் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த மீறலால் பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பில் பொறுப்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதித்தது. ஓடிபி எண்ணைத் தானே சொல்லிவிட்டவருக்கு இந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. ஆகவே புகார் எண்ணும், அது பதிவான நேரமும் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டிய முதல் ஆவணங்கள்.

இழப்பீடு கேட்க விரும்புவோர் பலருக்கும் தெரியாத வழி, தீர்ப்பளிக்கும் அதிகாரி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே இந்தப் பொறுப்பை வகிக்கிறார். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். அதற்கு மேற்பட்டவை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். 2010-இல் தமிழ்நாட்டில் இப்படியொரு மனுவில் குறிப்பிடத்தக்க உத்தரவு வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்தவரின் கணக்கிலிருந்து போலி மின்னஞ்சல் மூலம் பணம் எடுக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்றது வங்கி. அதை ஏற்காத அதிகாரி, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு வங்கிக்கு உத்தரவிட்டார். குற்றவாளி பிடிபட்டுத் தண்டனை பெறும்வரை காத்திருக்காமலே இழப்பீடு பெறலாம் என்பதுதான் இந்த வழியின் பெரும் பயன். காவல் நிலையப் புகாரோடு நின்றுவிடும் வழக்கறிஞர் இதைக் கட்சிக்காரரிடம் சொல்லாமல் விடுவது உண்மையான இழப்பு. மேல்முறையீடு 45 நாட்களுக்குள் டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்வு மற்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும். அங்கே போகவேண்டி வந்தால் யார் நடத்துவார் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்களின் அலட்சியத்துக்கு இழப்பீடு தரும் பழைய 43ஏ பிரிவை நீக்க வழிசெய்திருப்பதால், எந்தத் தேதியில் நடந்த மீறலுக்கு எந்தச் சட்டம் என்பதும் இப்போது வழக்கறிஞர் பார்க்க வேண்டிய கணக்கு.

படம், காணொளி, அவதூறு போன்றவற்றில் நீக்கமும் தண்டனையும் தனித்தனிப் பாதைகள். நீக்கத்துக்கு முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்ய வேண்டும். அந்தரங்கப் படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இன் இடைநிலை நிறுவன விதிகள் வரையறுத்தன. இந்தக் கெடுக்கள் திருத்தத்துக்கு உள்ளாகின்றன. புகார் கொடுக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பார்த்தாக வேண்டும். நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டால் மனுவில் இணைய முகவரிகளைத் துல்லியமாகக் குறிப்பிட வேண்டும். 2012-இல் '3' திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தடை உத்தரவைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் தளங்களையே ஒட்டுமொத்தமாக முடக்கின. பிறகு, குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டுமே தடை பொருந்தும் என்று நீதிமன்றம் விளக்க வேண்டியிருந்தது. அவதூறு, காவல் துறை நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம் அல்ல. நீதித்துறை நடுவரிடம் தனிப் புகாராகத்தான் அது போகும். நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்குக்கு ஓராண்டே கெடு.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இத்துறை அறிந்த வழக்கறிஞர் வேண்டும். புண்படுத்தும் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அதன் பிறகும் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவானதால், அதில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022-இல் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவுகள் உள்ளன என்பதே ஜாமீனைத் தீர்மானிக்கும். ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி ஜாமீனில் விடக்கூடியது. அதோடு பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கான 318(4) சேர்ந்தால் நிலைமை மாறிவிடும். ஆஜராகச் சொல்லும் காவல் துறை நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவுபடுத்தியது. மோசடிக்காரர்கள் வீடியோ அழைப்பில் நடத்தும் 'டிஜிட்டல் கைது' என்பது சட்டத்தில் எங்குமே இல்லை.

தவறான பில், முடங்கிய இணைப்பு போன்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான தனிநபர் குறைகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். அந்த ஆணையங்களுக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் இல்லாமலும் நடத்தலாம்.

வழக்கறிஞரைத் தேடுவதில்தான் எளிய மக்கள் தடுமாறுகிறார்கள். இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. எந்தத் துறையில் தேர்ந்தவர் என்று பெயர்ப் பலகையில் போடுவதற்கும் அனுமதியில்லை. 2008-இல் வந்த திருத்தத்தின்படி சொந்த இணையதளத்தில் பதிவு எண், தகுதி, எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் என்பது போன்ற சில விவரங்களை மட்டும் தரலாம். ஆன்லைன் தளங்கள் வழியாக வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே தேடலில் முதலில் வந்து நிற்கும் 'நம்பர் ஒன் சைபர் வக்கீல்' என்ற பட்டத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. குடும்ப வழக்கறிஞரிடமோ, உள்ளூர் வழக்கறிஞர் சங்கத்திலோ விசாரிப்பதே நம்பகமான வழி. நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் கிடைப்பதால், அவர் நடத்திய வழக்குகளைத் தேடிப் பார்க்கவும் முடியும்.

முதல் சந்திப்பில் ஒரே ஒரு கேள்வி நிறையச் சொல்லிவிடும்: இந்த ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றம் ஏற்க என்ன செய்ய வேண்டும்? புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் ஒன்றை இணைக்கச் சொல்கிறது. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மறு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவிலும் இச்சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இதைத் தடுமாறாமல் விளக்குபவர் வேலை தெரிந்தவர். அவரைப் பார்க்கும்வரை செய்திகளை அழிக்காமல், கைப்பேசியை மாற்றாமல், உரையாடல்களை மூல வடிவிலேயே வைத்திருக்க வேண்டும். தனக்குச் சங்கடமான செய்திகளையும் மறைக்காமல் காட்டிவிடலாம். சொன்னதை வெளியிடாதபடி வழக்கறிஞரைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

ஃபீஸ் பேச்சு வக்காலத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே முடிய வேண்டும். நோட்டீஸ் அனுப்ப எவ்வளவு, விசாரணை முழுவதற்கும் எவ்வளவு, நிபுணர் சான்றிதழ், பயணம் போன்ற செலவுகள் யாருடையவை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். மீட்கும் பணத்தில் பங்கு கேட்பதையும், வென்றால்தான் ஃபீஸ் என்று பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. மோசடியில் பணம் இழந்தவரிடம் 'மீட்டுத் தருகிறேன், பாதி கொடுங்கள்' என்று பேசுபவர் வழக்கறிஞராக இருந்தால் விதியை மீறுகிறார். இல்லாவிட்டால் அது இரண்டாவது மோசடியாகவே இருக்கக்கூடும்.

நம்பிக்கை போய்விட்டால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் மீது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்பது 2024 மே மாதத் தீர்ப்பு. தொழில் ஒழுங்கீனம் என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

செலவு செய்ய இயலாதவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. படத்தைப் பரப்பிவிடுவதாக மிரட்டப்படும் பெண் எவ்வளவு சம்பாதித்தாலும் இந்த உதவியைக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்திலோ 15100 என்ற எண்ணிலோ இதற்கு விண்ணப்பிக்கலாம்.