புரைதான் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

பாட்டிக்குக் கண் மங்குகிறது என்றால் வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "புரைதான், முற்றட்டும், எடுத்துவிடலாம்!" மதுரையை ஒட்டிய விளாங்குடியில் இப்படிச் சொன்னால் ஆச்சரியமில்லை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி வெறும் 11 படுக்கைகளுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி அதே மதுரையில்தான் இருக்கிறது. புரை எடுத்துக்கொண்டு பளிச்சென்ற பார்வையோடு திரும்பியவர்களை ஊரெல்லாம் பார்க்கிறோம்.

ஆனால், எல்லா மங்கலும் புரையாகிவிடுமா?

புரை விழுவது கண்ணின் முன்புறமுள்ள லென்ஸில். பின்புறத்தில், சினிமாத் திரையைப் போல் உருவத்தை வாங்கிக்கொள்வது விழித்திரை. அதற்கும் பின்னே ரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் உறை இருந்து, விழித்திரைக்கு ஊட்டம் அளிக்கிறது. அதன் கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். வயது ஏற ஏற அதுவும் மெலிந்துகொண்டே போகும். எண்ணெய்த் தூக்கின் அடியில் கசடு தங்குவதில்லையா? அதுபோல விழித்திரையின் அடியில் கொழுப்பும் புரதமும் மஞ்சள் புள்ளிகளாகப் படிகின்றன.

சிறு புள்ளிகள் இரண்டொன்று இருந்தால் பயமில்லை; வயதானவர் பலருக்கும் உண்டு. அவை பெரிதாகிப் பெருகினால்தான் ஆபத்து. சுற்றுப்புறம் தெரியும், எதிரே நிற்கும் பேரன் முகம் தெரியாது! சிலருக்கு அங்கே புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். உடனே போனால், மரத்துப்போக மருந்து விட்டுக் கண்ணுக்குள் ஊசி போட்டுப் பார்வையைக் காக்க வழியுண்டு. நாளைக் கடத்தினாலோ, போன பார்வை திரும்புவது அரிது.

கண்டுபிடிப்பது எப்படி? பாட்டியைக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, காலண்டர் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவில் திட்டு மறைத்தாலோ, அன்றைக்கே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஓ.சி.டி. என்ற கருவி ஒளியாலேயே படம் பிடித்து, படிவையும் உறையின் கனத்தையும் காட்டிவிடும், வலியே இராது.

இன்னொன்று: தாத்தாவின் சிகரெட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நோய்க்குப் புகையைவிட நெருங்கிய சிநேகிதன் கிடையாது. வீட்டுச் சமையலில் கீரை தவறாமல் இருக்கட்டும்.

புரை காத்திருக்கும், விழித்திரை காத்திராது.