பதினாறு குகை, ஒரு தோட்டம், போதும் ஊட்டி!

பரீட்சை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. "அப்பா, இந்த வருஷம் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா காலண்டரைப் பார்க்கிறார். கையில் நான்கு நாள் லீவு. வருஷமெல்லாம் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கிறது.

"ஊட்டிக்குப் போகலாம்!"

ஆகா! வீடே துள்ளிக் குதிக்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் அந்த வீட்டை எட்டிப் பாருங்கள். சின்னவனுக்குக் காய்ச்சல். பெரியவளுக்குத் தொண்டைக்கட்டு. பாட்டிக்கு முழங்கால் வீக்கம். அம்மா, குவிந்து கிடக்கும் அழுக்குத் துணிக்கு முன்னால் மலைத்துப்போய் நிற்கிறாள். அப்பா யாரோடும் பேசவில்லை. பணமும் போய்விட்டது, லீவும் போய்விட்டது.

இது ஊட்டியின் குற்றமா? இல்லை. நான்கு நாளில் பதினான்கு இடம் பார்த்த குற்றம்!

"இங்கே பத்து நிமிஷம். சீக்கிரம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார் வாடகைக் கார் டிரைவர். ஏரி, தோட்டம், மலைச்சிகரம், தேயிலைத் தொழிற்சாலை, நீர்வீழ்ச்சி என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்கள் இடத்தை எண்ணுகிறார்கள். குழந்தை எண்ணுவதில்லை. சரிவான ஒரு புல்தரை கிடைத்தால் அரை நாள் உருண்டுகொண்டிருக்கும். அதைப் பாதியில் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினால் அழுகை. அழுதால் அடி. அப்புறம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை.

அதே குடும்பம் அடுத்த வருஷம் வேறு மாதிரி போகட்டும். பார்ப்போம்.

முதலில் டிக்கெட்

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த வேலை தொடங்குகிறது. 2024 நவம்பர் முதல், ரெயிலில் 60 நாள் முன்பாகத்தான் இடம் பதிவு செய்ய முடியும். கோடை விடுமுறையில் ஊட்டி மலை ரெயிலுக்குக் கூட்டம் அதிகம். அதனால் பதிவு திறக்கும் நாளையே காலண்டரில் குறித்துக்கொள்வது நல்லது.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு ரெயிலில் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் படுக்கையை மிச்சம் பிடிக்க வேண்டாம். தூங்காத குழந்தை மறுநாள் முழுவதையும் கெடுத்துவிடும்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் இ-பாஸ் வாங்க வேண்டும். ஐகோர்ட்டு உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இந்த ஏற்பாடு வந்தது. அரசு பஸ்சிலும் ரெயிலிலும் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பல் சக்கரத்தில் ஒரு பயணம்

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி சுமாருக்கு மலை ரெயில் கிளம்புகிறது. ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். தூரம் 46 கிலோமீட்டர்தான். அதற்கு ஐந்து மணி நேரமா? "பஸ்சில் போனால் சீக்கிரம் போய்விடலாமே" என்று அப்பாவுக்குத் தோன்றும். வேண்டாம். குழந்தைகளுக்கு இந்த ஐந்து மணி நேரம்தான் ஊட்டி!

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,070 அடி உயரம். ஊட்டி சுமார் 7,350 அடி. கல்லாறு வரை ரெயில் சாதாரணமாகத்தான் ஓடுகிறது. அங்கிருந்து குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். சாதாரணச் சக்கரமாக இருந்தால் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல் சக்கரம் அந்தப் பல்லைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. இன்னொரு வேடிக்கை: எஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது!

1899-ம் ஆண்டில் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரெயில் இது. 1908-ல் ஊட்டியை எட்டியது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வழியில் 16 குகைகள், சுமார் 250 பாலங்கள், 208 வளைவுகள். பெரியவள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, "குகையை எண்ணிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டால் போதும். "ஊட்டி எப்போ வரும்?" என்ற கேள்வியே வராது. ஒவ்வொரு குகைக்குள்ளும் பெட்டி முழுவதும் பிள்ளைகள் "ஓ" என்று கத்துவார்கள். கத்தட்டும். பாட்டியும் சேர்ந்து கத்தலாம்.

ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் காத்திருக்கும். பிஸ்கட் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது. குரங்குக்குத் தீனி போடவும் வேண்டாம். ரெயில் நிற்கும் நிலையங்களிலேயே பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். மழைக் காலத்தில் மண் சரிந்து ரெயில் நின்றுபோவதும் உண்டு. அந்தச் சமயத்தில் பஸ்தான் துணை.

வாந்திக்கு என்ன வழி?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் மூன்று வளைவிலேயே சின்னவன் முகம் வெளுத்துவிடுகிறது. காரணம் காதில் இருக்கிறது. உடம்பு ஆடுவதை உள்காது மூளைக்குச் சொல்கிறது. குழந்தையோ தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "ஒன்றும் ஆடவில்லையே" என்கிறது கண். இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால் மூளை தடுமாறுகிறது, குமட்டல் வருகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இது அதிகம்.

முன் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்க்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கைபேசியும் கதைப்புத்தகமும் வேண்டாம். கிளம்புமுன் இரண்டு இட்லி போதும், பூரிக்கிழங்கு ஆகாது. வெறும் வயிறும் ஆகாது. மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை.

ஒரு நாளைக்கு ஓர் இடம்

முதல் நாள் நண்பகலில் ஊட்டி. சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் ஏரிக்கரை. 1824-ல் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்த ஏரி அது. படகில் ஏறினால் மிதவைச் சட்டை எல்லோருக்கும் வேண்டும். நீச்சல் தெரிந்த அப்பாவுக்கும்தான்.

இரண்டாம் நாள் தாவரவியல் பூங்கா மட்டும். 1848-ல் உண்டான இந்தத் தோட்டம் 55 ஏக்கர். கல்லாகிப்போன ஒரு மரம் இங்கே இருக்கிறது. அதற்கு வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் புல்தரைக்கு ஓடிவிடுவார்கள். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டும். நுழைந்தவுடனே, "வழி தவறினால் இந்த இடத்தில் வந்து நில்" என்று ஓர் இடத்தைக் காட்டிவைக்க வேண்டும். அப்பாவின் கைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுவிட வேண்டும். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி. அந்தக் கூட்டத்தில் இது மிகவும் அவசியம்.

மூன்றாம் நாள் இறக்கம். வழியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் இரண்டு மணி நேரம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரம் பாக்கியாயிற்றே? இருக்கட்டும். சிகரம் எங்கேயும் ஓடிவிடாது.

அம்மாவுக்கும் லீவு

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மூன்று நாளைக்குச் சேர்த்துப் புளிச்சோறும் சப்பாத்தியும் கட்டுகிறாளே அம்மா, அவளுக்கு எங்கே விடுமுறை? முதல் வேளைக்கு மட்டும் கட்டுச்சோறு போதும். மற்றதை ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் எங்கே என்றால், வாடகைக் காரில் பதினான்கு இடம் சுற்றாமல் மிச்சம் பிடித்த பணம் இருக்கிறதே!

துணிமணியும் குறைவாகப் போதும். ஆனால் மே மாதத்திலும் இரவில் 12 டிகிரி வரை குளிர் இறங்கும். ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை, சின்னவனுக்குக் காதை மூடும் குல்லா, இவற்றை மறக்கக்கூடாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் பாட்டிலையே எடுத்துப்போகலாம். காய்ச்சல் மருந்து, பாட்டியின் மாத்திரை, ஒரு டவல், வாந்திக்கு இரண்டு காகிதப் பை, இவை கைப்பையில் மேலாக இருக்கட்டும்.

நான்காம் நாள்? அதுதான் முக்கியம். லீவில் கடைசி நாள் வீட்டில்! அப்பா துணி துவைக்கிறார். அம்மா மத்தியானம் வரை தூங்குகிறாள். பாட்டி பக்கத்து வீட்டுக்காரிக்கு ரெயில் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கூடத்தில் மட்டும் ஒரே சத்தம். "பதினாறு குகைதான்டா. நோட்டில் எழுதியிருக்கேன் பாரு!" என்கிறாள் பெரியவள். "இல்லை, பதினேழு. நீ ஒண்ணுல தூங்கிட்டே!" என்கிறான் சின்னவன்.